கூடு உடைந்த யானைக் காசு

தவக்காலத்தின் முதல் புதன்கிழமை, நெற்றியில் பூசிய சாம்பல் உதிர்வதற்குள் ஞானதாஸ் ஒரு சபதம் செய்தார். வீட்டுக்குள் செய்திருந்தால் பிழைத்திருப்பார். தெருக் கிறிஸ்தவர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில், பதினாறு குடும்பங்களுக்கு முன்னால் எழுந்து நின்று செய்தார்.

"இந்த நாப்பது நாளும் ஒரு பழைய காசுகூட வாங்க மாட்டேன். இதுதான் என் ஒறுத்தல்."

பதினைந்து குடும்பங்கள் கை தட்டின. பதினாறாவது அவருடையது. மனைவி சகாயசெல்வி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கிட்டா?" என்றாள்.

"வாங்கிட்டா பீரோவுல என் நடுத்தட்டை நீயே எடுத்துக்க!"

அப்போதுதான் செல்வி கை தட்டினாள்.

அந்த நடுத்தட்டு சாதாரணத் தட்டு அல்ல. தனிக் கதவும் தனிப் பூட்டும் கொண்டது. அதன் சாவி ஞானதாஸின் சட்டைப்பையை விட்டு இறங்கியதில்லை. இருபது வருடமாக அவர் சேர்த்த காசுகள் அதற்குள் இருந்தன. வீட்டின் மற்ற இடமெல்லாம் செல்வியின் சேலைகள். சின்னாளப்பட்டியில் எடுத்து, 'செல்வி சில்க்ஸ்' என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் விற்கிறாள். கட்டிலுக்கு அடியில் சேலை, கதவுக்குப் பின்னால் சேலை, பிரிட்ஜ் மேல் சேலை. சேலை போகாத ஒரே இடம் அந்த நடுத்தட்டு. அதன் மேல் அவளுக்கு ஐந்து வருடமாகக் கண்.

அன்று செல்வியும் ஒரு ஒறுத்தல் சொன்னாள். "நான் நாப்பது நாளும் இவர்ட்ட சத்தம் போட்டுப் பேச மாட்டேன்."

இதற்குக் கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. தெருவுக்கு இதில் நேரடிப் பலன் இருந்தது.

இரண்டு ஞாயிறு வரை சபதம் நின்றது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை இணைய ஏலத்தில் ஒரு யானைக் காசு வந்தது. திப்பு சுல்தான் காலத்துச் செப்புக் காசு. ஒரு பக்கம் யானை, தும்பிக்கை முழுசாக. இந்த ஊர் மலைக்கோட்டையை ஆண்டவர் காசு, மலைக்கோட்டை தெரியும் மொட்டைமாடி உள்ள வீட்டில்தானே இருக்க வேண்டும் என்று ஞானதாஸுக்குப் பட்டது. ஆனால் சபதம்?

அன்று காலைப் பிரசங்கத்தில் ஃபாதர் ஒன்று சொல்லியிருந்தார். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணினால் நாற்பத்தாறு நாள் வரும். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது. ஞானதாஸ் இருபத்து நாலு வருடமாகக் கணக்கு வாத்தியார். ஒரு கழித்தல் கணக்கு அவருக்கு இத்தனை ஆனந்தம் தந்ததில்லை. ஞாயிறு கணக்கில் வராது. இன்று ஞாயிறு. வாங்கிவிட்டார்.

முன்யோசனையோடு பள்ளிக்கூட முகவரிதான் கொடுத்தார். வெள்ளிக்கிழமை சாயந்தரம் பார்சல் வீட்டு வாசலில் நின்றது. செல்வியின் சேலைப் பார்சல்களைத் தினமும் வந்து எடுத்துப்போகும் கூரியர்காரர் சங்கிலி, சிரித்த முகத்தோடு நீட்டினார்.

"பள்ளிக்கூடம் பூட்டிருந்துச்சு சார். நம்ம சார்தானேன்னு வீட்டுக்கே கொண்டாந்துட்டேன்."

"மெதுவாப் பேசுய்யா. ஏன் இது மூலை நசுங்கிருக்கு?"

"என் கைக்கு வரும்போதே அப்பிடித்தான் சார். பின்னாடி பேச்சு வரக்கூடாதுன்னு போட்டோ எடுத்து வச்சிருக்கேன்."

செல்வி கோவிலுக்குச் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போயிருந்தாள். ஞானதாஸ் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டு, பிளேடால் கவரைக் கிழிகிழியென்று கிழித்தார். உள்ளே இருந்ததைப் பார்த்து வாளியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

காசுக்கு ஒன்றுமில்லை. கூடு உடைந்திருந்தது. இந்த மாதிரிக் காசுகளைத் தரம் பார்த்து, எண் போட்டு, தடித்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து மூடிவிடுவார்கள். கூடு முழுசாக இருக்கும் வரைதான் அந்த எண்ணுக்கு மரியாதை. உடைந்துவிட்டால், சீல் உடைந்த வினாத்தாள் கட்டு மாதிரி. உள்ளே இருப்பது அசல்தான் என்று யாரும் நம்ப மாட்டார்கள். குலுக்கினார். யானை கடகடவென்று ஆடியது.

காசை ஏலத்தில் விற்ற கோயம்புத்தூர் வியாபாரிக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க சார், பிரிக்கறப்ப வீடியோ எடுத்தீங்ளா?"

"இல்லையே."

"வீடியோ இல்லீன்னா கஷ்டமுங்க. எடுத்திருந்தா அனுப்புங்க, புதுக் கூடு போட்டுத் தாரனுங்க."

இரவுச் சாப்பாட்டில் ஞானதாஸ் பொதுவாகப் பேச்சுக் கொடுத்தார்.

"செல்வி, உன் பார்சல் ஏதாச்சும் உடைஞ்சு வந்தா என்ன பண்ணுவ?"

"சேலை எப்பிடிங்க உடையும்?"

"கிழிஞ்சு வந்துச்சுன்னு வச்சுக்க."

"வீடியோ கேப்பாங்க. பிரிக்கிறதுக்கு முன்னாடி கவரை நாலு பக்கமும் காட்டி, நிறுத்தாம ஒரே ஓட்டமா எடுக்கணும்."

"பிரிச்ச பெறகு எடுத்தா?"

"பிரிச்ச பெறகு எடுக்கிறவன் ஒண்ணு முட்டாளா இருக்கணும், இல்ல திருடனா இருக்கணும்." குரல் பஞ்சு மாதிரி இருந்தது. ஒறுத்தல் தொடங்கியதிலிருந்து அந்தக் குரல்தான். பழைய குரலில் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். இந்தக் குரலில் என்ன வரும் என்று தெரியவில்லை. "எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மா, பொது அறிவுக்கு."

முட்டாள், திருடன் என்ற இரண்டில் எது என்று ஞானதாஸ் படுத்துக்கொண்டு யோசித்தார். இரண்டாகவும் இருந்து பார்ப்பது என்று முடிவு செய்தார்.

சனிக்கிழமை செல்வி சேலை எடுக்க சின்னாளப்பட்டி போனாள். பழைய கவர் கந்தலாகிவிட்டதால் அவள் சேலை அனுப்பும் கவர்க் கட்டிலிருந்து நாலைந்து ரோஸ் நிறக் கவர்களை உருவினார். முகவரிச் சீட்டைப் பக்குவமாக உரித்து ஒரு கவரில் ஒட்டினார். உடைந்த கூட்டை உள்ளே வைத்து மூடினார். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் போனைச் சாத்தி வைத்து நடிப்பைத் தொடங்கினார்.

முதல் தடவை காக்கா வந்து போனைத் தட்டிவிட்டது. இரண்டாம் தடவை, கவரைப் பிரிப்பதற்கு முன்பே "ஐயய்யோ, உடைஞ்சிருக்கே!" என்று அலறிவிட்டார். மூன்றாம் தடவை அலறல் சரியான இடத்தில் வந்தது. கூடவே பக்கத்து மாடியிலிருந்து ஒரு குரலும் வந்தது. வடகம் காயப்போட வந்த பிரிஸ்கில்லா.

"என்ன சார், தனியா நின்னு கத்துறீங்க?"

"அது... ஒத்திகை. பாஸ்கா நாடகம்."

"அப்பிடியா! கையில காசு மாதிரி தெரியுது. யூதாசா?"

ஞானதாஸ் கையைப் பார்த்தார். மறுக்க வழியில்லை.

"ஆமா."

"பொருத்தமாத்தான் பாத்துப் போட்டிருக்காக."

நாலாம் தடவை எல்லாம் கூடிவந்தது. முன்பக்கம் காட்டினார். பின்பக்கத்தைத் திருப்பி, வகுப்பில் விடைத்தாளைத் தூக்கிக் காட்டுவது போல் ஐந்து எண்ணும் வரை காட்டினார். பிரித்தார். பார்த்தார். நெஞ்சில் கை வைத்தார். அனுப்பிவிட்டார்.

கோயம்புத்தூரிலிருந்து பதிலே இல்லை. சாயந்தரம் ஊரிலிருந்து திரும்பிய செல்விக்குத்தான் ஒரு போன் வந்தது. அடுப்படியில் நின்று பேசினாள். "சொல்லுங்கண்ணே... ஆமாங்க, நம்ம கவர்தான்... அப்பிடியா... அம்புட்டு நல்லாவா இருக்கு?" ஏதோ சேலை வியாபாரம் என்று ஞானதாஸ் காதை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து, செல்வி இட்லி வைத்தாள். சாம்பார் ஊற்றினாள்.

"ஏங்க, யூதாஸ் வேஷமாமே? பிரிஸ்கில்லா சொன்னா."

"சின்ன வேஷந்தான்."

"இல்லீங்க, நல்லா பண்ணிருக்கீங்க. கோயம்புத்தூர் அண்ணன் எனக்கும் அனுப்பிருந்தாரு."

போனை இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஓடிய படத்தை ஓரிடத்தில் நிறுத்தினாள். கவரின் பின்பக்கம். ஐந்து எண்ணும் வரை அவர் தூக்கிக் காட்டிய பின்பக்கம். அதில் கொட்டை எழுத்தில் 'செல்வி சில்க்ஸ்', கீழே அவளுடைய செல் நம்பர். ஐந்து வருடமாக வீடெல்லாம் கிடக்கும் கவர். பார்த்துப் பார்த்து, அதில் எழுத்து இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"எங்க காசு உங்க கவருக்குள்ள எப்பிடிம்மா போச்சுன்னு கேட்டாரு. பாவம், குழம்பிட்டாரு. சங்கிலிட்ட போட்டோ வாங்கி அனுப்புனேன். மூலை நசுங்கினது அதுலயே தெரியுதாம். திருப்பி அனுப்புங்க, புதுக் கூட்டுல போட்டுத் தாரேன்னுட்டாரு. ஒரு போட்டோவுல முடியிற வேலைங்க."

ஞானதாஸ் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார். நடுத்தட்டு கண் முன்னால் வந்தது. எழுந்து நின்றார். கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"செல்வி, நான் சபதத்தை மீறவே இல்ல. வாங்கினது ஞாயித்துக்கிழமை. ஞாயிறு தவக்காலக் கணக்குல வராது. ஃபாதரே சொன்னாரு."

"வராதா?"

"வராது."

"நல்லாத் தெரியுமா?"

"கணக்கு வாத்தியார் சொல்றேன். நாப்பத்தாறுல ஆறு போனா நாப்பது!"

"அப்ப நடுத்தட்டு உங்களுக்குத்தாங்க."

ஞானதாஸ் நெஞ்சை நிமிர்த்தினார். செல்வி எழுந்துபோய்த் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினாள். பிறகு அடுப்படி ஜன்னலை. முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். தொண்டையை ஒருமுறை கனைத்துச் சரிபார்த்துக்கொண்டாள்.

"இன்னைக்கு என்ன கிழமைங்க?"

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

"மூணரை வாரமாச் சேத்து வச்சிருக்கேன்" என்றாள், இன்னும் அதே பஞ்சுக் குரலில். "செத்த நேரம் அசையாம உக்காருங்க."

"வரும் செல்வி! ஞாயிறும் கணக்குல வரும்! ஃபாதர் சொன்னதை நாந்தான் சரியாக் கேக்கல!" சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "நடுத்தட்டு உனக்கே!"

செல்வி ஜன்னலைத் திறந்துவிட்டாள். சாவியை வாங்கவில்லை.

"அதை நீங்களே வச்சுக்கங்க. சேலையெல்லாம் நேத்தே அடுக்கிட்டேன். உங்க காசு பூராம் கிறிஸ்துமஸ் குடில் பெட்டியில, மூணு ராஜாக்களோட பத்திரமா இருக்கு."

"சாவி எங்கிட்டல்ல இருந்துச்சு?"

"அந்த பீரோ எங்கப்பா குடுத்த சீருங்க. சாவி ரெண்டு குடுத்தாரு."