வெப்சைட் அண்ணாச்சி

எங்கள் கிளை நூலகத்தின் இணையதளத்தை முழுசாக நம்பிய ஒரே ஜீவன் இந்தப் பூமியில் வெப்சைட் அண்ணாச்சிதான். அதை வடிவமைத்தவர் நம்பவில்லை. அதைத் திறந்துவைத்துப் பொன்னாடை வாங்கிக்கொண்டவர்களும் நம்பவில்லை. பாளையங்கோட்டையில் அந்த நூலகத்தின் நூலகர், எழுத்தர், கூட்டுபவர் எல்லாமாகவும் இருந்த நான் நம்பினேனா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

இணையதளம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். திங்கள்கிழமைக்குள் எல்லா நூலகத்துக்கும் இணையதளம் வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வியாழக்கிழமை சாயங்காலம் வந்தது. பேட்டையில் கல்யாணத்துக்கு பிளெக்ஸ் அடிக்கும் ஒருவர் ஒப்புக்கொண்டார். கைப்பழக்கம் விடுமா? தளத்தைத் திறந்ததும் நாதஸ்வரம் ஒலித்தது. மேலிருந்து ரோஜா இதழ் கொட்டியது. இருபுறமும் குத்துவிளக்கு எரிய, நடுவில் அதிகாரிகள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்தும் படங்கள் ஓடின. மணமக்கள் மட்டும்தான் இல்லை.

நூலகம் எப்போது திறக்கும், கேட்கும் புத்தகம் இருக்கிறதா, சந்தேகம் என்றால் யாரைக் கூப்பிடுவது? வாசகன் தேடி வருவது இதற்குத்தான். இதைத் தவிர மற்றதெல்லாம் அதில் இருந்தது. 'நூல் தேடல்' என்ற இடத்தைத் தொட்டால் இன்னொரு பொன்னாடை வந்தது.

'எங்கள் சேவைகள்' பக்கத்துக்கு எழுதித் தர ஆள் இல்லை. பிளெக்ஸ்காரர் ஏதோ வெளிநாட்டு நூலகத்தின் பக்கத்தை எடுத்து, கம்ப்யூட்டரிடம் கொடுத்துத் தமிழாக்கி ஒட்டிவிட்டார். ஒட்டிய கையோடு துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டார். கடவுச்சொல்லும் அவரோடு விமானம் ஏறிவிட்டது.

அதன்பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் அண்ணாச்சி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் கைபேசி. உடன்குடிக்காரர். கருப்பட்டி மொத்த வியாபாரம் பண்ணிவிட்டுக் கடையை மகனிடம் ஒப்படைத்தவர். பக்கத்தில் வந்தாலே காபி குடிக்கத் தோன்றும்.

"தம்பி, நேத்து வந்தேன். பூட்டிக் கெடந்துது. எல்லா நாளும் திறந்திருக்கும்னு போட்டிருக்கியளே?"

"வெள்ளிக்கிழமை நமக்கு லீவு அண்ணாச்சி."

"அப்படிப் போடலையே. சரி, ஒங்களுக்கு நேத்து ஏதோ சோலி வந்திருக்கும்" என்று அவரே என்னை மன்னித்துவிட்டு, கைபேசியை நீட்டி உரக்க வாசித்தார். "'இல்லம் தேடி நூல். நடக்க இயலாத வாசகரின் இல்லத்துக்கு நூலகர் நூல்களுடன் வருகை தந்து, அவை குறித்து அன்புடன் உரையாடுவார்.' எப்ப வாரிய?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாருக்கு என்று கேட்டேன். அவர் மனைவிக்கு. யாரென்று சொன்னதும் தெரிந்துவிட்டது, எங்கள் டீச்சர்! மிஷன் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நூலகத்தில் பாதிப் புத்தகங்களைப் படித்தவர், மீதியைப் படித்துவிட்டு மோசம் என்றவர். நான் நல்லாயிருக்கிறது என்று கொடுக்கும் நாவலை மறுவாரமே மேசையில் தொப்பென்று போட்டு, "இதுல என்னத்தக் கண்டீங்க?" என்று வம்புக்கு வருவார். கொஞ்ச நாளாகக் காணோமே என்று நினைத்திருந்தேன். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, படுக்கையில் இருக்கிறாராம்.

"புத்தகத்த நீங்களே எடுத்துட்டுப் போங்களேன் அண்ணாச்சி."

"கொண்டு போகலாம். பேசணும்லா? எனக்குக் கருப்பட்டியைப் பத்திக் கேட்டா விடியவிடியப் பேசுவேன். கதையைப் பத்தி என்னத்தப் பேச? அவ பேசாமலே கெடக்கா தம்பி."

ஆனாலும் ஒரு முயற்சி பண்ணினார். அலமாரியில் புத்தகங்களை எடுத்து, கையில் தூக்கிக் கனம் பார்த்து, முகர்ந்து, முனையைத் தட்டி, சரக்கு நல்ல சரக்கு என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அது விற்பனை வரிச் சட்ட விளக்கவுரை. மறுநாளே திரும்பி வந்தது. "தூக்கி எறிஞ்சிட்டா. பரவால்ல, கை நல்லா வீசுது" என்றார்.

நான் ஒற்றை ஆள். நூலகத்தைப் பூட்டிவிட்டு வெளியே போக அனுமதி கேட்டு அதிகாரிக்கு எழுதினேன். அப்படியொரு சேவையே நம்மிடம் இல்லாதபோது அனுமதி எப்படித் தருவது என்று கேட்டார். அப்படியானால் இணையதளத்திலிருந்து அதை எடுத்துவிடுங்கள் என்றேன். "அதுக்கு சென்னைக்கு ஃபைல் போகணும். போட்டது இருக்கட்டும்" என்றார். அண்ணாச்சியிடம் இதைச் சொன்னால், "பைய வாங்க. போட்டிருக்குல்லா, எங்க போயிரும்?" என்றார்.

காத்திருக்கும் நேரத்தில் மற்ற சேவைகளை ஒவ்வொன்றாக அனுபவிக்க ஆரம்பித்தார். ஒருநாள் தூக்குவாளியோடு வந்து, "அமைதித் தோட்டம் எங்கன இருக்கு?" என்றார். பின்பக்கம் உடைந்த நாற்காலிகளும் செத்த எலியும்தான் உண்டு. அங்கேயே துண்டை விரித்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். "அமைதி நல்லா இருக்கு. தோட்டம்தான் இன்னும் வரல" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிகாரியிடம் போய் அழுதேன். பக்கத்தைத் திருத்தத்தான் சென்னை அனுமதி வேண்டும், செடி வைக்க யார் அனுமதியும் வேண்டாம் என்று கண்டுபிடித்துச் சொன்னார். செம்பருத்தி நட்டோம். இணையதளத்தில் ஒரு வார்த்தையை அழிக்க முடியாமல் ஒரு தோட்டத்தையே போட்ட அலுவலகம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

'குழந்தைகள் கதை நேரம்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, தெருப் பிள்ளைகளை ஆட்டோவில் அடைத்துக் கொண்டுவந்து இறக்கினார். நான் உளறிய நரிக்கதைக்கு அவர்தான் முதல் ஆளாகக் கைதட்டினார்.

தொலைபேசி எண் இன்னும் விசேஷம். பிளெக்ஸ்காரர் கைக்கு வந்த எண்ணைப் போட்டிருந்தார். அது மேலப்பாளையத்தில் ஒரு பிரியாணி மாஸ்டருடையது. அண்ணாச்சி தினமும் அவருக்கு அடித்து, நூலகர் வந்தாச்சா என்று கேட்டிருக்கிறார். பாய் பொறுக்க முடியாமல் ஒருநாள் என்னைத் தேடி வந்துவிட்டார்.

"வே, நூலகரு நீரா நானா? நான் அரிசி களையவா, ஒம்ம லைப்ரரிக்கு நேரம் சொல்லவா?"

"மன்னிச்சுக்கிடுங்க பாய். என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"என்னத்தச் சொல்ல? பாவம், வயசான மனுசன். அந்தப் பக்கம் போற பயலுவட்ட தெறந்திருக்கான்னு கேட்டுக் கேட்டுச் சொல்லுதேன்."

எங்கள் துறைக்கு வாய்த்த ஒரே உருப்படியான விசாரணைப் பிரிவு அதுதான்.

கடைசியில் ஒருவழியாகப் புது இணையதளம் வந்தது. இந்தத் தடவை விவரமான ஆட்கள். நாதஸ்வரம் இல்லை, ரோஜா இல்லை. நேரம், விடுமுறை, என் எண், புத்தகம் உள்ளே இருக்கிறதா வெளியே போயிருக்கிறதா எல்லாம் முதல் பக்கத்திலேயே, வயதானவர்களுக்கும் தெரிகிற எழுத்தில். இருக்கும் சேவைகளை மட்டும் எழுதி அனுப்பச் சொன்னார்கள். இருப்பதை மட்டும் அனுப்பினேன். தோட்டமும் கதை நேரமும் இப்போது நிஜமாகவே இருந்ததால் அவை தப்பித்தன. 'இல்லம் தேடி நூல்' தப்பவில்லை.

புதுத் தளம் வந்த மறுநாள் அண்ணாச்சி வந்தார். வழக்கமாக வாசலிலிருந்தே குரல் கொடுப்பவர், பேசாமல் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"பாத்தேன் தம்பி. நல்லா இருக்கு. எல்லாம் உண்மையாப் போட்டிருக்கிய."

"ஆமா அண்ணாச்சி."

"அதான் வருத்தம். இனிம நான் எதக் காட்டி ஒங்களக் கேக்க?"

அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. எழுந்து, டீச்சர் திட்டுவதற்குத் தோதாக நாலு நாவல்களை எடுத்துப் பையில் போட்டேன். மின்விசிறியை நிறுத்தி, கதவைப் பூட்டினேன். எந்த விதியின்படி என்று அதிகாரி பிற்பாடு கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த அண்ணாச்சியிடம் கேட்டேன். "நெசமாச் சொல்லுங்க. அந்தப் பழைய வெப்சைட்ட நீங்க நம்பினியளா?"

"நீங்க ஒண்ணு. வியாபாரத்துல எதிராளி சொன்னதப் பொய்னு சொன்னா சண்டைதான் வரும். உண்மைன்னு எடுத்துக்கிட்டுத் தெனம் போய் நின்னா, வெக்கப்பட்டாவது சரக்க எறக்கிருவான்" என்றார். வண்டியைச் சமாதானபுரத்தில் அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

டீச்சர் இளைத்திருந்தார். நாவல்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, மேலே இருந்ததைத் தட்டி, "இதப் போயி எடுத்துட்டு வந்திருக்கீங்களே, இதுல என்னத்தக் கண்டீங்க?" என்றார். நான் விடவில்லை. முடிவு பிரமாதம் என்றேன். முடிவா அது, எழுதினவன் பஸ்சைப் பிடிக்க ஓடின மாதிரி இருக்கிறது என்றார். நானும் குரலை உயர்த்தினேன். அரை மணி நேரம் அடிதடி. நடுவில் நான் எதையோ உளறப் போக, டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார்.

அண்ணாச்சி வாசல்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்புச் சத்தம் கேட்டதும் பேப்பரைப் பைய மடித்து வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதன்பிறகு நான் வாராவாரம் போகிறேன். டீச்சருக்குப் புத்தகம் கொடுக்க என்றுதான் எல்லோரிடமும் சொல்வது. அந்த மனுசனை ஒரு வாரம் பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக்கொள்வதில்லை.