ஜப்பான் ஓட்டலில் ஒரு பெருவிரல்

"ஷூவை இங்கயே கழட்டிடுங்க சார்" என்று பரிமாறும் பெண் குனிந்து சொன்னதும், தையல்காரருக்குத் தன் வலது கால் பெருவிரல் ஞாபகத்துக்கு வந்தது. காலையில் சாக்ஸை மாட்டும்போதே அது ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தது. ஷூவுக்குள்ளே எவன் பார்க்கப்போகிறான் என்று விட்டுவிட்டார். நகரத்தின் பெரிய ஜப்பான் ஓட்டலில் பாயில் உட்கார வைத்துச் சோறு போடுவார்கள் என்று அவர் கனவா கண்டார்?

வேறு நாளென்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். இன்று மகளின் கல்யாணப் பேச்சு. தாயில்லாத பெண், தன்னால் அவளுக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாது. இடம் மாப்பிள்ளையின் தேர்வு. மாப்பிள்ளையின் அப்பா கல்லூரி முதல்வர். அவர் வாசலிலேயே ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். இவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். தையல்காரன் வீட்டுச் சம்பந்தம் கசக்கிறது போலிருக்கிறது என்று தையல்காரருக்குச் சுருக்கென்றது.

மகளை முன்னால் அனுப்பிவிட்டு, முதல்வர் அந்தப் பக்கம் திரும்பிய சமயம் பார்த்து, சாக்ஸைக் கால் மாற்றிப் போட்டார். இப்போது பெருவிரல் உள்ளே போய், இடது காலின் சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலும் ஜோடியாக வெளியே வந்தன. துணியை முன்னால் இழுத்துப் பாதத்துக்கு அடியில் மடித்தார். பர்ரென்று கிழிந்தது. துணி கிழியும் சத்தத்தில் அளவு சொல்லக்கூடியவர் அவர். இரண்டு அங்குலம்.

கழிவறைக்கு ஓடினார். நல்ல வேளை, கோட்டுக் காலருக்கு அடியில் எப்போதும் ஓர் ஊசி செருகியிருக்கும். அதில் காலையில் ஒரு குழந்தையின் கவுனுக்குக் கோத்த சிவப்பு நூல் இருந்தது. நெருக்கமாக, அழகாகத்தான் தைத்தார். ஆனால் கறுப்புச் சாக்ஸில் அந்தச் சிவப்பு, ஓட்டையைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

அப்போதுதான் கழிவறை வாசலில் கிடந்த செருப்புகள் கண்ணில் பட்டன. விரல் மூடிய நல்ல செருப்புகள். எவ்வளவு பெரிய மனசு இந்த ஓட்டல்காரர்களுக்கு என்று நெகிழ்ந்துபோய், மாட்டிக்கொண்டு, நிமிர்ந்த நடையாகப் போய்ப் பாயின் நடுவே நின்றார்.

பரிமாறும் பெண் பதறிக் குனிந்தாள். மரியாதை போலும் என்று அவரும் குனிந்தார். அவள் இன்னும் குனிந்தாள். அவரும் விடவில்லை.

"சார், அது கழிவறைக்குள்ள மட்டும் போடுற செருப்பு" என்றாள் கடைசியில், தரையைப் பார்த்தபடி.

மாப்பிள்ளையின் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். மகள் எழுந்து வந்தாள். அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, செருப்புகளைத் தானே கழற்றி அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். சிவப்புத் தையலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் தைச்சிருக்கீங்கப்பா" என்றாள்.

அவர் மாப்பிள்ளையின் அம்மா பக்கம் திரும்பினார். மறைக்க இனி என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார்.

"ஊருக்கெல்லாம் தைக்கிறேன். என் சாக்ஸ் கிழிஞ்சதைக் கவனிக்கலை. உங்க முன்னாடி என் பொண்ணு தலைகுனியக் கூடாதுன்னுதான் கழிவறையில உக்காந்து தைச்சேன். கையில இருந்தது இந்தச் சிவப்பு நூல்தான்."

காகிதக் கதவுக்கு அப்பால் முதல்வரின் ஃபோன் பேச்சு சட்டென்று நின்றது. அத்தனையும் அவர் காதில் விழுந்துவிட்டது. மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார் தையல்காரர். கல்யாணம் கை நழுவிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். செருப்போடு வெளியே போன பரிமாறும் பெண் திரும்பி வந்து, அவர் பக்கத்தில் மண்டியிட்டுக் கிசுகிசுத்தாள்.

"வெளியில அரை மணி நேரமா ஃபோன் பேசுறவரு அந்த ஊசியைக் கேக்குறாரு சார். சிவப்பு நூலே போதுமாம். ரெண்டு காலுக்கும் பத்துமான்னு மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னாரு."