மாடிப் போர்ஷனும் மனிதகுல வேதனையும்

ஊர்விட்டு ஊர் போனவனின் வேதனையை இந்த உலகத்தில் முழுதாக அறிந்தவர் ஒருவர்தான். அவர் சிதம்பரத்தில், சொந்த மாடி வீட்டில் இருக்கிறார். பெயர் ராமாமிர்தம். டொரண்டோவில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் பனியில் அலையும் ஒரு தமிழனைப் பற்றித் தலையணை கனத்தில் நாவல் எழுதியவர். பாராட்டு விழாவில், "யாரையும் 'நீ யார்' என்று கேட்காத கதவு ஒன்று வேண்டும்" என்று பேசி, போர்த்திய பொன்னாடையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த விழாவுக்கு என் மகள் வெண்மதி போயிருந்தாள். சிதம்பரத்தில் நர்ஸ். கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள், வயிற்றில் பிள்ளையோடு.

"அவரு வீட்டு மாடி காலியா இருக்குப்பா. அவ்ளோ நல்ல மனுசன். நீ போய்க் கேளு" என்றாள்.

நான் எவனையும் நம்புகிறவன் இல்லை. அவர் உருகியதெல்லாம் அச்சிலேயே வந்துவிட்டதே என்று போனேன்.

"எந்த ஊருங்க?" என்றார்.

"முதுநகருங்க."

"பூர்வீகம்?"

"அதுவும் அதேதான்."

"அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னால நான் பொறக்கலீங்க."

சிரித்தார். மேன்மக்கள் சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள்.

"சரி, நீங்க யாரு?"

"தேவசகாயம்."

"பேரு இருக்கட்டும். நீங்க என்ன ஆளுங்கன்னு கேட்டேன்."

"வயசான ஆளுங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி ஸ்ரீமதி குரல் கொடுத்தார்: "மீனு, கருவாடு உண்டான்னு கேளுங்க."

"தொறமுகத்து ஊருங்கம்மா" என்றேன். உள்ளே ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது.

ராமாமிர்தம் தொண்டையைச் செருமினார். "தப்பா நெனைக்காதீங்க. மாடிக்கு எங்க மச்சான் வர்றாரு."

"வாசல்ல 'வீடு வாடகைக்கு'ன்னு போர்டு தொங்குதே?"

"அவருக்கு அடையாளம் தெரியணும்ல."

எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கண் கலங்கியிருந்தது.

"ஐயா, இப்ப உங்க மனசு எப்படி இருக்கு? கொஞ்சம் வெவரமா சொல்லுங்க. அடுத்த நாவலுக்கு ஆவும்."

"பொண்ணு பஸ்ல நின்னுக்கிட்டே போவுதுங்க."

"ஆகா" என்று எழுதிக்கொண்டார். "வீடு கெடைக்கலன்னு அதுகிட்ட எப்படிச் சொல்லுவீங்க?"

"நீங்க குடுத்துட்டா சொல்லவே வேணாமுங்களே."

"குடுத்துட்டா கதை இல்லையே ஐயா."

எவ்வளவு பெரிய உண்மை. மற்ற எழுத்தாளர்கள் அடுத்தவன் துயரத்தைத் தேடி ஊர் ஊராக அலைகிறார்கள். இவர் உட்கார்ந்த இடத்திலேயே உற்பத்தி செய்துகொள்கிறார்.