நடுத்தர வர்க்கத்தினர் கை தூக்கவும்

தென்காசிப் பக்கம் 'நாங்க மிடில் கிளாஸ்' என்று சொல்லாத ஓர் ஆளை நான் இதுவரை சந்தித்ததில்லை. மூன்று லாட்ஜ் வைத்திருப்பவர் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும்போது சொல்கிறார். அந்தக் கத்தரிக்காயை விற்கிற அம்மா மகளுக்கு வரன் பேசும்போது சொல்கிறாள். இருக்கிறவன் வரிக்குப் பயந்து சொல்கிறான், இல்லாதவன் வெட்கத்துக்குப் பயந்து சொல்கிறான். நான் இரண்டாம் ரகம். ஆனால் முதல் ரகத்தின் குரலில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தக் குரல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குற்றாலத்தில், மைக் முன்னால் வைத்து உடைந்தது.

அப்போது நான் தென்காசியில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் பொருளாதார ஆசிரியர். (இப்போதும் அதேதான். வேறெங்கே போக?) குத்துக்கல்வலசையில் வாடகை வீடு. மனைவி செல்வி, ஒரு மகள், ஒரு பழைய பைக். இந்த அளவில் நின்றிருந்தால் கௌரவமாகவே இருந்திருப்பேன்.

கெடுத்தது என் சகலை. ராணுவத்தில் இருந்த அவர் ஒரு விடுமுறைக்கு, வடகரையில் இருக்கும் எங்கள் மாமனார் வீட்டில் புதுக் காரோடு வந்து இறங்கினார். மாமனார் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். பணியில் இருந்த காலம் முழுக்கச் சிரிக்காமல் சேமித்து வைத்ததை எல்லாம் அன்று அந்தக் காரைப் பார்த்துச் சிரித்துத் தீர்த்தார். முன்கண்ணாடிக்கு மாலை போட்டார். பிறகு என் பைக்கைப் பார்த்தார்.

"மாப்ள, அதக் கொஞ்சம் தொழுவப் பக்கம் தள்ளி நிறுத்துங்க. காரு திரும்பணும்லா."

சாப்பிட்டுக் கை கழுவ வந்தபோது ஓர் எருமை என் பைக்கின் சீட்டை நக்கிக்கொண்டிருந்தது. அந்த ஈரத்தின் மேல் உட்கார்ந்து வீடு திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். அடுத்த மாதம் எங்கள் தெருவில் ஒரு பழைய கார் வந்து நின்றது. பாதிக்கு மேல் ஃபைனான்ஸ்.

"பஸ் ஸ்டாப்பு வாசல்லயே இருக்கு. கார வச்சிக்கிட்டு நாம எங்க போகப் போறோம்?" என்றாள் செல்வி.

"இது போறதுக்கு இல்ல செல்வி. நிக்கதுக்கு."

(அந்தக் கார் விஷயத்தில் நான் பேசிய ஒரே உண்மை அதுதான்.)

நின்றது. பெட்ரோல் போடக் காசில்லாததால் நன்றாகவே நின்றது. ஞாயிறுதோறும் அதைக் குளிப்பாட்டினேன். தெருவில் போகிறவர்கள் "சாருக்கு என்ன, வசதி வந்துட்டு" என்பார்கள். நான் துணியைப் பிழிந்தபடி, "எங்க அண்ணாச்சி, மிடில் கிளாஸ் பொழப்பு" என்று பெருமூச்சு விடுவேன். அந்தப் பெருமூச்சுக்குத்தான் மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருந்தேன்.

மே மாதம் வந்தது. எங்கள் பள்ளியில் மே மாதம் மாணவர்களுக்கு விடுமுறை, ஆசிரியர் சம்பளத்துக்கும் விடுமுறை. ஜூனில் மகளின் பள்ளிக் கட்டணம். தவணை நின்றது. காருக்குப் பக்கத்தில் ஓர் ஆளும் வந்து நிற்க ஆரம்பித்தான்.

ஃபைனான்ஸ் கம்பெனி வசூலுக்கு அனுப்பிய அந்த ஆள் இசக்கிமுத்து. என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவன். 'தேவை', 'விருப்பம்' இரண்டுக்கும் வேறுபாடு தெரியாததற்காக ஒருமுறை அவனைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். (நான் ஏறி நிற்க வேண்டிய பெஞ்சு.) முதல் முறை வந்தபோது காலைத் தொட்டுக் கும்பிட்டான். "நல்லா இருப்பா" என்று ஆசி கொடுத்தேன். நிமிர்ந்ததும், "சார், டியூ ரெண்டு நிக்கி சார்" என்றான்.

"திங்கக்கிழமை கட்டிருதேன்."

ஏன் திங்கட்கிழமை என்று எனக்கே தெரியாது. எந்தத் திங்கட்கிழமையும் எனக்கு எந்தப் பணமும் வந்ததில்லை. ஆனால் அந்தக் கிழமையில் ஒரு நாணயம் இருந்தது. இசக்கிமுத்துவும் பாவம், குரலைத் தாழ்த்தியே பேசினான். "மேனேஜர் திட்டுதாரு சார். வண்டியத் தூக்கிட்டு வாலேங்காரு. உங்ககிட்ட எப்படி சார் அதச் செய்ய?" அப்படி நாலைந்து திங்கட்கிழமைகளைத் தின்றேன். பிறகு காரை அடுத்த தெருவில், பாதி கட்டிய ஒரு வீட்டுக்குப் பின்னால் மறைத்து நிறுத்தினேன். ஊர் பார்க்க வேண்டும் என்று வாங்கிய காரை ஊர் பார்க்காமல் ஒளித்து வைத்த பொருளாதார நிபுணன் நான் ஒருவன்தான்.

அந்தச் சமயத்தில்தான் அழைப்பு வந்தது. குற்றாலத்தில் ஒரு வியாபாரிகள் சங்கத்தின் கூட்டம். தலைப்பு, 'தேசத்தின் கடனும் நடுத்தர வர்க்கமும்'. பேச வேண்டிய பேராசிரியருக்குக் காய்ச்சல். சங்கத்தில் உறுப்பினராக இருந்த எங்கள் பள்ளித் தாளாளர் என்னைக் கைகாட்டிவிட்டார். "நல்லா பேசுங்க சார். துணை முதல்வர் இடம் காலியாத்தான் இருக்கு" என்று ஒரு வார்த்தையும் போட்டு வைத்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமனாரை அழைத்தேன். இயற்பியல் ஆசிரியரிடம் கோட் இரவல் வாங்கினேன். ஒளித்து வைத்த காரை வெளியே எடுத்து, இருந்த காசுக்கு பெட்ரோல் போட்டேன். வடகரையிலிருந்து குற்றாலம் வரை மாமனார் முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். "ஏசியக் கொஞ்சம் கூட்டுங்க மாப்ள" என்றார். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஊரே குளிர்ந்து கிடந்தது. இருந்தாலும் கூட்டினேன். பின் சீட்டில் செல்வி சேலையால் தோளைப் போர்த்திக்கொண்டு, கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கூட்டம் சங்கத் தலைவருடைய லாட்ஜின் ஹாலில். தலைவர்தான் நான் முதலில் சொன்ன மூன்று லாட்ஜ்காரர். சீசன் நேரம், வராந்தா எங்கும் ஈரத் துண்டுகள். அடுத்த அறையில் யாருக்கோ எண்ணெய் தேய்த்து முதுகில் தட்டுகிற சத்தம், யாரோ கைதட்டுவது போலவே கேட்டது. தலைவர் என்னைப் 'பொருளாதாரப் புலி' என்று அறிமுகப்படுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார்.

"மொதல்ல ஒரு விசயம். இங்க யாரெல்லாம் மிடில் கிளாஸு? கையத் தூக்குங்க பாப்போம்!"

ஹாலில் இருந்த அத்தனை பேரும் தூக்கினார்கள். மர மில் வைத்திருப்பவர் தூக்கினார். எங்கள் தாளாளர் மோதிரம் மின்னத் தூக்கினார். காப்பி கொண்டுவந்தவர் தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மறு கையைத் தூக்கினார். முதலில் தூக்கியவர் தலைவர். என் மாமனார் மட்டும் தூக்கவில்லை. அவர் யார் கேட்டும் கையைத் தூக்கியதில்லை, தூக்கச் சொல்லித்தான் பழக்கம்.

பேச ஆரம்பித்தேன். நன்றாகவே போனது. நாட்டின் கடனைக் கரும்பலகையில் எழுதினால் சைபருக்கு இடம் போதாது என்றேன். சிரித்தார்கள். கடன் வாங்குவது அவமானமில்லை, கடன் கிடைப்பதே மரியாதை என்றேன். தட்டினார்கள். "நாடு பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்குகிறது. அதற்காக யாராவது வந்து செங்கோட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா?" என்று முழங்கினேன்.

"எங்க ஊரையா சொல்லுதீரு?" என்று செங்கோட்டைக்காரர் ஒருவர் எழுந்தார். டெல்லிச் செங்கோட்டை என்று விளக்கியதும் அதற்கும் ஒரு கைதட்டல். முன் வரிசையில் மாமனாரின் மீசை லேசாக அசைந்தது. சிரிப்பு வருகிற அறிகுறி.

அப்போது பின்வாசல் வழியாக இசக்கிமுத்து உள்ளே வந்தான்.

வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட பேன்ட். கடைசி வரிசையில் உட்கார்ந்தான். என்னைப் பார்த்தான். கையைத் தூக்கினான்.

கீழே கார் நிற்கிறது. சாவி இரவல் கோட்டில். நான் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். கை இறங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவன் எழுந்து நின்று தூக்கினான். நிதிப் பற்றாக்குறை என்று சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டு முறை 'நீதிப் பற்றாக்குறை' என்றேன். (அதற்கும் தட்டினார்கள்.) வியர்வை கோட்டைத் தாண்டி வந்தது.

"தம்பி, கேள்வியெல்லாம் பொறவு கேக்கலாம்" என்றார் தலைவர்.

அவன் தலையை ஆட்டிவிட்டு நடுப்பாதையில் மேடையை நோக்கி நடந்து வந்தான். மாமனாரின் நாற்காலியைத் தாண்டினான். அந்த இடத்தில் எனக்குள் என்னவோ அறுந்தது. இரண்டு கையாலும் மைக்கை இறுகப் பிடித்து, இழுத்து வாயோடு வைத்துக்கொண்டு கத்தினேன்:

"இசக்கி! திங்கக்கிழமை கட்டிருதேம்ப்பா! மாமா முன்னால வண்டியத் தூக்கிராதே!"

அடுத்த அறையில் முதுகில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

இசக்கிமுத்து அப்படியே நின்றுவிட்டான். முகம் அழப்போகிறவன் போலக் கோணியது. "சார்... பின்னால ஒண்ணுமே கேக்கல சார். மைக்கக் கொஞ்சம் கிட்ட வச்சிப் பேசுங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "இப்ப நல்லாக் கேக்கு!"

ஹாலே அதிர்ந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே அவன் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். ஃபைனான்ஸ் வேலையை விட்டுவிட்டான். இலஞ்சி ரோட்டில் ஒரு கூட்டாளியோடு பழைய கார் வாங்கி விற்கிறான். போன மாதம்தான் இந்தச் சங்கத்தில் சேர்ந்தான். "உங்க ஃபைல வேற பையன்கிட்ட குடுத்துட்டாங்க சார். அவன் சாரு கீருன்னுலாம் பாக்க மாட்டான். பாத்துக்கிடுங்க."

தலைவர் எழுந்து வந்து என் தோளில் கை போட்டார். நல்ல மனிதர், ஆறுதல் சொல்லவே வந்தார்.

"என்ன சார்வாள், ஒரு காரு டியூவுக்கா இந்தப் பாடு? எனக்கு இருக்க கடனுக்கு இந்த மூணு லாட்ஜும் பத்தாது. பேங்க் மேனேஜரு நம்ம வீட்டுக்கே வந்து புதுப்பிச்சிட்டுப் போறாரு. தீவாளிக்கு ஸ்வீட்டு வேற!"

பலத்த கைதட்டல். என் கடன் ஒளிய வேண்டிய கடன், அவர் கடன் மைக்கில் சொல்ல வேண்டிய கடன் என்பதை எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. மற்றபடி நான் மேடையில் பேசியது எல்லாமே சரிதான். அது எனக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

திரும்பும் வழியில், வடகரை நெருங்கும்போது மாமனார் வாயைத் திறந்தார்.

"ஏசிய அமத்துங்க மாப்ள. பெட்ரோலு குடிக்கும்."

போலீஸ்காரர்கள் அடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றுதான் அடி வாங்கினேன்.

அந்த வாரமே காரை இசக்கிமுத்து மூலமாகவே விற்றேன். கமிஷன் வேண்டாம் என்றான். வந்த பணம் ஃபைனான்ஸ் கணக்குக்குப் போதவில்லை. மிச்சத்துக்குச் செல்வியின் சங்கிலி அடகுக்குப் போனது. அவள் அதைக் கழுத்திலிருந்து கழற்றும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

காரை வாங்கியவர் எங்கள் தாளாளர். மகன் ஓட்டிப் பழகுவதற்காம். "இடிச்சாலும் பரவால்ல பாருங்க, பழைய வண்டி" என்றார். துணை முதல்வர் பதவி இயற்பியல் ஆசிரியருக்குப் போனது. "கடன்ல இருக்கவருக்கு நிர்வாகப் பொறுப்பக் குடுத்தா பெத்தவங்க என்ன நெனப்பாங்க, சொல்லுங்க?" என்றார் தாளாளர். அவர் அதைச் சொன்ன அறை, வங்கிக் கடனில் எழும்பிக்கொண்டிருந்த புதுக் கட்டடத்தில் இருந்தது. சிமென்ட்டுகூட இன்னும் காயவில்லை. நான், "ஆமா சார்" என்றேன். பிறகு வெகு நாட்கள், காலையில் பள்ளிக்குள் நுழையும்போதெல்லாம், நான் குளிப்பாட்டிய காரில் அன்றைக்குப் புதிதாக என்ன நசுங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவேன். சங்கிலிக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

சங்கிலி திரும்பி வரவில்லை. திங்கட்கிழமைதான் வீட்டில் தங்கிவிட்டது. விருந்தில் யாராவது இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டுக் கையைத் தூக்கினால் போதும், சகலை உடனே எழுந்து, "இசக்கி! திங்கக்கிழமை கட்டிருதேம்ப்பா!" என்று என் குரலில் கத்துவார். மாமனார் சிரிக்கிறார். கடைசியில் அவரைச் சிரிக்க வைத்த மருமகன் என்ற பெயர் எனக்கும் கிடைத்துவிட்டது.

போன வாரம் மகள் கல்லூரி விண்ணப்ப வேலையாக உட்கார்ந்திருந்தவள் தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"ஏம்மா, நாம மிடில் கிளாஸா?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வருமானப் பகிர்வு என்று ஆரம்பித்தேன். செல்வி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"திங்கக்கிழமை வரைக்கும்ட்டி" என்றாள்.