சன்னல் இல்லாத மாளிகை

பிள்ளைகளே, மூன்று சாரல் காலமாக ஒரே விளையாட்டை ஆடியும் ஓர் அடிகூட முன்னே நகராத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் குற்றாலத்துச் சிப்ஸ் அண்ணாச்சி.

அது செல்போன் விளையாட்டு. முதலில் ஓர் ஆளை உருவாக்க வேண்டும். பிறகு அவனுக்கு ஊர், வீடு. அதன்பின் 'தொடங்கு' என்ற பச்சைப் பொத்தானை அமுக்கினால் கதை ஓடும். எந்த வழியில் போவது என்று நாமே சொல்லலாம். அண்ணாச்சி அந்தப் பொத்தானை மட்டும் தொட மாட்டார்.

பக்கத்தில் துண்டும் சோப்பும் விற்பவன் நான். பள்ளி விட்டதும் என் மகள் செல்வி அண்ணாச்சி கடையில் போய் நின்றுவிடுவாள்.

"மாமா, இன்னைக்காவது கதையத் தொடங்குங்க!"

"பொறு பிள்ள. அவன் இன்னும் எண்ணெய் தேய்க்கல."

கதாநாயகனுக்கு விளையாட்டு தங்கக் கவசம் கொடுத்தது. "அருவிக்குப் போறவனுக்குத் தகரச் சட்டை எதுக்கு?" என்று கழற்றிவிட்டார். வானிலையில் வெயில், புயல், பனி மூன்றுதான் இருந்தன. பனியை இருப்பதிலேயே குறைவாக வைத்து, "இதாம்லா சாரல்!" என்றார். வீடாகக் கிடைத்த மாளிகையில் எத்தனையோ சன்னல்கள். "குரங்கு உள்ள வந்துரும்" என்று ஒவ்வொன்றாக எடுத்தார். கடைசியில் அது அரிசி மூட்டை அடுக்கும் கிட்டங்கி மாதிரி நின்றது. தலைமுடிக்கு இருப்பதிலேயே அதிகப் பளபளப்பு. போதாததற்கு, சிப்ஸ் எண்ணெய் ஒட்டிய அவர் கட்டைவிரல் பட்டு அவன் தலை நிஜமாகவே மினுங்கியது.

ஒருநாள் இடது புருவத்தில் ஒரு தழும்பு வைத்தார். செல்வி உற்றுப் பார்த்தாள்.

"மாமா, இது பட்டாளத்துல இருக்குத நம்ம அண்ணன்லா!"

அண்ணாச்சி மகனேதான். அவர் வாணலியைப் பார்த்தபடி சொன்னார்: "பொத்தான அமுக்குனா இவனும் வீட்ட விட்டுப் போயிருவான் பிள்ள. ஒருத்தன் போனது போதாதா?"

அதற்குப் பிறகு செல்வி 'தொடங்கு' என்று கேட்கவில்லை.

இந்தச் சாரலுக்கு மகன் விடுப்பில் வந்தான். மேகம் மலையை விட்டு இறங்கி, கடைத்தெருவே கனவில் பார்ப்பதுபோல் மங்கிக் கிடந்த சாயங்காலம். செல்போனைப் பார்த்தவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"எப்பா, என் தலையில இம்புட்டு எண்ணெயா?"

சிரித்தபடியே பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டான்.

"ஏலே! தொடாதலே!"

மாளிகைக் கதவு திறந்தது. 'காடா, கடலா?' என்று விளையாட்டு கேட்டது. மகன் கடலைத் தொட்டான். எண்ணெய்த் தலையோடு அந்தச் சின்ன உருவம் பனிச்சாரலுக்குள் நடந்தது. அண்ணாச்சி செல்விக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "எம்மா, திரும்பி வார பொத்தான் இதுல இருக்கா?"

"இருக்கு மாமா. இந்தா, கீழ."

மகன் மறுபடி எல்லைக்குப் போய்விட்டான். அண்ணாச்சி தினமும் கதாநாயகனைக் கடலுக்கு அனுப்புகிறார். கடை அடைக்குமுன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறார். அந்த மாளிகையில் இப்போது பாதையைப் பார்த்து ஒரே ஒரு சன்னல் இருக்கிறது. குரங்கு வந்தால் வரட்டும் என்கிறார்.