கண்ணகையின் குளிசை

"இது பிரதி ஐயா. எங்களுக்கு மூலப் பில்தான் வேணும்," என்று காப்புறுதிக் கந்தோர் லிகிதர் ஜெயராஜா கடதாசியைத் திருப்பி நீட்டினார். ஓய்வுபெற்ற தபாலதிபர் நல்லரத்தினம் இடுப்பு நாரியைப் பிடித்துக்கொண்டு கதிரையில் அமர்ந்தார். பழுகாமத்திலிருந்து புளியந்தீவுக்கு இது இரண்டாவது பயணம்.

"மூலப் பில்லப் பாலத்து ஆமிச் சென்றியில எடுத்துட்டாங்க மனே. மருந்து அக்கரைக்குப் போறதெண்டா பில் அவங்களிட்ட இருக்கோணுமாம்."

"அப்ப அடுத்தமுறை ரெண்டு பில் எடுங்க."

மருந்து அவருடைய மனைவி கண்ணகைக்கு. பெரியாஸ்பத்திரியில் இருவரும் ஒரே நாளில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அவர் நாரிக்கு, அவள் முழங்காலுக்கு. அவர் பஸ்ஸில் இடம்பிடிக்க ஓடிவிட்டார். கண்ணகைதான் மருந்துத் துண்டோடு வந்து சேர்ந்தாள். எலும்பு தேய்கிறதாம்; கிழமைக்கு ஒரு குளிசையாம். நான்கு குளிசையின் விலைக்கு ஒரு மூடை நெல் வாங்கலாம்.

"எனக்கெண்டா இந்த விலைக்கு வாங்கவேமாட்டன். உனக்கெண்டபடியாத்தான்," என்று அவர் சொல்லும்போதெல்லாம் கண்ணகை தலையைக் குனிந்துகொள்வாள். சனிக்கிழமை விடிந்ததும் அவருக்கும் ஒரு 'சத்துக் குளிசை' நீட்டுவாள். அரை மணித்தியாலத்துக்குச் சரிந்து படுக்கவும் விடமாட்டாள், தேத்தண்ணியும் தரமாட்டாள்.

அடுத்த மாதம் நல்லரத்தினம் இரண்டு பில்லோடு பாலத்துக்கு வந்தார்.

"பில் ரெண்டு. பெட்டி ஒண்டு. மத்தப் பெட்டி எங்க?" என்றான் சென்றிக்காரன்.

பையைக் கொட்டினார்கள். குடையை விரித்தார்கள். செருப்பைக்கூடத் தட்டிப் பார்த்தார்கள். மத்தியானம் கழிந்து அவரைப் போகவிட்டபோது இரண்டு பில்லும் அங்கேயே தங்கிவிட்டன. கெஞ்சிக் கேட்டதற்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் கிடைத்தது.

ஜெயராஜா அதைத் தலைகீழாகவும் பார்த்தார். "இதத் தமிழில மாத்தி, கச்சேரிக் கந்தோரில சீல் குத்தி வாங்க ஐயா."

சீல் குத்த இரண்டு நாள் போயிற்று. அதன் பிறகு, "மருந்து குடிக்கிற வருத்தக்காரர் நேரில வந்து கையெழுத்து வைக்கோணும்," என்றார் லிகிதர். கொக்கு ஒற்றைக் காலில் நிற்பதைக் கண்டு, மற்றக் கால் முறிந்துவிட்டதென்று எண்ணி, மருந்து தேடி வாவியைச் சுற்றிய ஆமைகூட இவ்வளவு அலைந்திராது.

கடைசியில் கண்ணகையையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் கையெழுத்து வைத்தாள். ஜெயராஜா அப்போதுதான் சட்டப் புத்தகத்தைத் திறந்தார்.

"மனிசிமாருக்கு ஆஸ்பத்திரியில படுத்தாத்தான் மருந்துக் காசு. வீட்டில குடிக்கிற குளிசைக்கு இல்ல."

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே மனே!"

"பில் சரிவந்தாத்தானே ஐயா சட்டத்தப் பாக்கிற."

"மறுகா நாங்க என்ன செய்யிற?"

"ஒண்டும் செய்யேலா. வருத்தம் உங்களுக்கெண்டா, வீட்டுக் குளிசைக்கும் முழுக்காசு வரும். அதுதான் சட்டம்."

நல்லரத்தினம் நாரியைப் பிடித்தபடி மெல்ல எழுந்தார். "வா புள்ள, போவம். பஸ் போயிரும்."

கண்ணகை எழவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றியபடி ஜெயராஜாவைப் பார்த்தாள்.

"அந்தப் புத்தகத்த மூடாதீங்க தம்பி. தேஞ்சது இவர்ட நாரிதான், சனிக்கிழமைக் குளிசையும் இவர்தான் குடிக்கிறார்; துண்டுல ஆர்ட பேர் எழுதுறண்டு ஆஸ்பத்திரி மிஸ்ஸி கேட்டா, புருசன்ட பேர நான் வாயால சொல்லேலுமா?"