செல்லையண்ணை வைக்க மறுத்த கையெழுத்து

என் கையெழுத்து மிகவும் அழகானது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, குற்ற ஒப்புதலாகச் சொல்கிறேன். சட்டம் படித்த காலத்தில் சட்டத்துக்குச் செலவழித்த நேரத்தைவிட அந்தக் கையெழுத்தைப் பழகச் செலவழித்த நேரம் அதிகம். முதலெழுத்து பாய்மரம்போல எழும்பி நிற்கும். கடைசி எழுத்தின் வால் திரும்பி வந்து முழுப் பெயருக்கும் அடியில் கோடு போடும். அதன் கீழே 'பிரக்கிராசி' என்று என் வக்கீல் தொழில், பிறகு திகதி. அந்தக் கையெழுத்தால் ஒரு மனிதனைப் பதினாலு நாள் மறியலுக்கு, அதாவது சிறைக்கு, அனுப்பினேன். அந்த மனிதன் என்னுடைய கட்சிக்காரன். (எதிர்த்தரப்பு ஆளை அனுப்பியிருந்தாலாவது பெயர் வந்திருக்கும்.)

அறுபதுகளின் நடுப்பகுதி. தொழில் தொடங்கி இரண்டு வருடம் முடியவில்லை. வழக்குக் குறைவு, வாய் அதிகம். சனிக்கிழமைகளில் எந்த வாசிகசாலை கூப்பிட்டாலும் கறுப்புக் கோட்டோடு போய்ச் சாதாரண சனத்தின் உரிமைகளைப் பற்றி முழங்குவேன். பிடித்தால் இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் நீதவானுக்கு முன்னால் கொண்டுபோக வேண்டும். பொலிசில் கொடுத்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது, ஆனால் அங்கே சொன்ன மற்றக் கதையெல்லாம் உங்களுக்குப் பின்னால் வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசித்து விளங்காத எதிலும் கையெழுத்து வைக்கக் கூடாது. இந்த இடத்தில் மேசையில் ஒரு குத்துக் குத்துவேன்.

சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய மொழிச் சட்டம் வந்து எட்டொன்பது வருடமாகியிருந்தது. தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதன் தமிழில் சொல்வதைப் பொலிசில் சிங்களத்தில் எழுதி, அதன் கீழே அவனிடமே ஒப்பம் வாங்கினார்கள். இதை நினைத்தால் எனக்குக் காது சிவக்கும். இதை எழுதும்போதும் சிவந்துதான் கிடக்கிறது. "அந்த மொழியிலை ஒரு எழுத்துக்கூட நான் படிக்க மாட்டன்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சபதம் செய்வேன். சனம் கைதட்டும்.

பண்டத்தரிப்புக் கூட்டத்தில் முன்வாங்கில் இருந்தவர் செல்லையண்ணை. புகையிலைத் தோட்டக்காரர், நாற்பது வயதிருக்கும், அதிகம் கதைக்காத மனிதர். அவர் கைதட்டவில்லை. ஒவ்வொரு சொல்லையும் கவனமாகக் கேட்டார். வினை அங்கேதான் தொடங்கியது.

அவருக்கும் பக்கத்து வளவு வேலுப்பிள்ளைக்கும் வேலித் தகராறு. வருடாவருடம் வேலி அடைக்கும்போது வேலுப்பிள்ளை நடும் கதியால் தடிகள் நாலு விரல் இந்தப் பக்கம் நடந்து வந்துவிடும். ஒருநாள் காலை வேலுப்பிள்ளை கையில் வெட்டுக் காயத்தோடு பொலிசுக்குப் போய், செல்லையண்ணை வேலியடியில் வைத்துக் கத்தியால் வெட்டினார் என்று முறைப்பாடு கொடுத்தார். அந்த நேரத்தில் செல்லையண்ணை தெல்லிப்பழை ஆசுபத்திரியில், பிள்ளைப்பேற்றுக்குப் போன மனைவி பாக்கியத்தின் வாட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். (மனைவி உள்ளே படுத்ததற்குப் பதிவு உண்டு. புருசன் வெளியே நின்றதற்கு எந்த ஊரில் பதிவு வைக்கிறார்கள்?)

தகவல் வந்து நான் பொலிஸ் நிலையத்துக்குப் போனபோது அவர் ஒரு வாங்கில் துவாயை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"ஐயா, காலமை தொடக்கம் கையெழுத்து வைக்கச் சொல்லுகினம். நான் வைக்கேல்லை. வாசிக்காமல் வைக்கக் கூடாதெண்டு நீங்கள் அண்டைக்குச் சொன்னனீங்கள் எல்லே?"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மேசையில் குத்திய குத்து வீண்போகவில்லை.

வாக்குமூலத்தை எழுதிய சார்ஜன்ட் எங்கட ஆள்தான். தமிழில் யோசித்து, தமிழில் ஏசி, தமிழில் திருநீறு பூசுகிற மனிதர். பதவி உயர்வு வேண்டும் என்றால் சிங்களத்தில் எழுத வேண்டும், எழுதினார். ஆக அந்த மேசையைச் சுற்றி மூன்று தமிழர், நடுவில் ஒரு சிங்களக் கடதாசி. சார்ஜன்ட் எனக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி எடுப்பித்தார். பிறகு கொப்பியை என் பக்கம் தள்ளி, எல்லாம் அவர் சொன்னபடிதான் எழுதியிருக்கு, பிரக்கிராசியாரே பாருங்கோவன் என்றார்.

'எனக்கு வாசிக்கத் தெரியாது' என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் போதும். மேடையில் பெருமையாக முழங்கிய அதே விசயம். ஆனால் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு, இரண்டு கொன்ஸ்தாபிள்மார் பார்த்துக்கொண்டு நிற்க, கட்சிக்காரன் என்னைக் கோயில் மூலஸ்தானத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மூன்று சொல்லையும் சொல்ல மனம் வரவில்லை.

மூக்குக்கண்ணாடியைப் போட்டேன். கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டினேன். சில இடத்தில் தலையாட்டினேன். ஒரு இடத்தில் நெற்றியைச் சுருக்கி, பிறகு பரவாயில்லை என்பதுபோல விட்டுவிட்டேன். பக்கத்தைத் திருப்பி அங்கேயும் தலையாட்டினேன். (அந்தப் பக்கத்தில் எழுத்தே இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.)

அப்போதுதான் என் சட்ட மூளை விழித்தது. ஒரு வரியில் ஒரு சொல்லை வெட்டி, மேலே வேறொன்று எழுதப்பட்டிருந்தது. வெட்டித் திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் வேண்டும், இதுகூடத் தெரியாமலா வேலை செய்கிறீர்கள் என்று சார்ஜன்டைப் பிடித்தேன். அவர் பணிவாக மன்னிப்புக் கேட்டு, ஐயாவே வைக்கட்டும் என்றார். வைத்தேன். பிறகு அவர் விரல் காட்டிய இடத்தில், பாய்மரமும் வாலும் திகதியுமாக முழுக் கையெழுத்தையும் வைத்தேன். அவ்வளவு அழகாக நான் அதற்கு முன்னும் வைத்ததில்லை, பின்னும் வைத்ததில்லை.

செல்லையண்ணை பேனையை வாங்கிக்கொண்டு ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார்.

"ஆசுபத்திரியிலை நிண்டதெண்டு அதிலை கிடக்குத்தானே, ஐயா?"

"ஓம் அண்ணை. எல்லாம் சரி, வையுங்கோ."

கன்று நடுகிறவர்போல ஒவ்வோர் எழுத்தாக அமர்த்தி அவர் தன் பெயரை எழுதினார்.

அடுத்த நாள் நீதிமன்றத்தில் நான் பிணை கேட்க எழும்பினேன். வழக்கை நடத்திய இன்ஸ்பெக்டரும் எழும்பி, அந்த வாக்குமூலத்தை முதலியாரிடம் கொடுத்தார். முதலியார் என்றால் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். அவர் நிதானமாக வாசித்தார்: காலை ஏழு மணியளவில் நான் வேலியடியில் கத்தியோடு நின்றேன். கீழே இன்னொரு வரி: மேலுள்ளது என் முன்னிலையில் தமிழில் வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது, சரியானது. அந்த வரிக்குக் கீழேதான் என் பாய்மரம். 'வேலியடியில் கத்தியோடு' என்பது ஒரு வெட்டுக்கு மேல் எழுதப்பட்டிருந்தது. பக்கத்தில் என் சுருக்கொப்பம்.

நீதவான் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். இல்லையென்று சொல்ல வழியில்லை, மாகாணம் முழுவதிலும் அப்படி ஒரு கையெழுத்துக் கிடையாது. பிணை இல்லை, பதினாலு நாள் விளக்கமறியல் என்றார். குற்றம் சாட்டப்பட்டவர் நிற்கும் எதிரிக் கூட்டிலிருந்து செல்லையண்ணை திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தான்தான் ஏதோ பிழையாகச் சொல்லி ஐயாவைச் சங்கடத்தில் மாட்டிவிட்டோமோ என்ற முகம் அது. அந்த முகத்தை நினைக்கும்போது இன்றைக்கும் என்னை நானே அறைய வேண்டும்போல இருக்கிறது.

அவருடைய புகையிலை அப்போது நட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. முறை தவறாமல் இறைக்க வேண்டிய பருவம். பாக்கியம் பெண்குழந்தையோடு ஆசுபத்திரியில், புருசன் மறியலில், தோட்டம் வெயிலில். குற்றவுணர்ச்சி தாங்காமல் ஒருநாள் நானே காற்சட்டையை மடித்துக்கொண்டு இறைக்கப் போனேன். சட்டக் கல்லூரியில் வாய்க்கால் மறிக்கச் சொல்லித் தருவதில்லை. நான் மறித்த மறிப்பில் தண்ணீர் முழுவதும் செல்லையண்ணையின் புகையிலையை விட்டுவிட்டு வேலுப்பிள்ளையின் வெங்காயத்துக்குப் போனது. (அந்த வருடம் வேலுப்பிள்ளைக்கு நல்ல விளைச்சலாம்.)

சாட்சியாகிவிட்ட நான் வழக்கில் தோன்ற முடியாது என்பதால், கூடப்படித்த கனகு அதைப் பொறுப்பெடுத்தான். செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்றான். நான் சாட்சிக் கூட்டில் ஏறி, வாசிக்கத் தெரியாமல்தான் வைத்தேன் என்று சொல்ல வேண்டும். நான் மூன்று நாள் வேறு வழி தேடினேன். மை கலங்கியிருந்தது, கண்ணாடி மாறிப்போனது, தலைச்சுற்று என்றெல்லாம் அவனிடம் சொல்லிப் பார்த்தேன். கனகு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன்ரை வெக்கம் பெரிசோ, அந்தாளின்ரை மறியல் பெரிசோ?" என்று மட்டும் கேட்டான்.

ஏறினேன். அந்த மன்றத்தில் பிரக்கிராசிமார் ஆங்கிலத்தில் சாட்சி சொல்வதுதான் வழக்கம். செல்லையண்ணைக்கு விளங்கட்டும் என்று நான் தமிழில் சொன்னேன். அந்த முழுக் கூத்திலும் நான் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான். நான் ஐந்து நிமிடம் கவனமாக வாசித்ததாகவும், தலையாட்டியதாகவும், பக்கம் திருப்பியதாகவும் சார்ஜன்ட் ஏற்கெனவே சாட்சி சொல்லியிருந்தார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதுதான் கொடுமை.

வாசிக்கத் தெரியாதவர் எதற்குத் தலையாட்டினார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"தெரியாதெண்டு சொல்ல வெக்கமாயிருந்தது" என்றேன்.

மன்றம் சிரித்தது. நீதவான் பேனையை வைத்துவிட்டு, கட்சிக்காரருக்கு இது விசயமாக நீங்கள் கொடுக்கும் ஆலோசனை என்ன என்று கேட்டார். வாசிக்காமல் வைக்கக் கூடாது என்பதுதான் என்றேன். இந்தமுறை சேவகனும் சிரித்தான். சிரிக்காதவர் எதிரிக் கூட்டில் நின்றவர் மட்டுமே.

பிறகு கனகு அந்த வெட்டைக் காட்டி, அதற்கடியில் என்ன இருக்கிறது என்று முதலியாரைக் கேட்டான். முதலியார் கடதாசியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, 'ஆசுபத்திரி' என்றார். மன்றத்தில் சிரிப்பு நின்றது. செல்லையண்ணை தமிழில் சொன்னதைச் சார்ஜன்ட் முதலில் உள்ளபடி எழுதி, பிறகு வெட்டியிருக்கிறார். அவர் வேலுப்பிள்ளையின் மச்சானோடு ஒரே வகுப்பில் படித்தவராம். செல்லையண்ணை விடுதலையானார்.

முடிந்தது என்று சொல்லி வாழ்த்தினார்கள். என்ன முடிந்தது? சார்ஜன்ட் பதவி உயர்வோடு வேறு ஊருக்குப் போனார். வேலி நின்ற இடத்திலேயே நின்றது. காய்ந்த புகையிலைக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் பிரிவு கிடையாது, நான் தேடிப் பார்த்தேன். ஒரு மனிதன் சட்டத்தை மதித்து காலையிலிருந்து ஒற்றையாளாக நின்றான். அவனை வளைக்கப் பொலிசால் முடியவில்லை. சட்டம் படித்த நான் ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் வளைத்துவிட்டேன்.

கதை எனக்கு முன்னே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கைக்கு நான் பேனை எடுத்தாலும் மனைவி, "மற்றப் பக்கத்தையும் திருப்பித் தலையாட்டுங்கோ" என்பாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மூத்த மகளுக்குக் கல்யாணம். கல்யாணப் பதிவான எழுத்துக்குப் பதிவாளர் புத்தகத்தை விரித்துவைத்து, சாட்சியாக என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். பேனையைத் திறந்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தலை நரைத்த செல்லையண்ணை. மறியல் காலத்தில் பிறந்த தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"ஐயா, ஒருக்கா வாசிச்சுப்போட்டு வையுங்கோவன்."

பந்தல் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தேன். பாதி தமிழில் அச்சடித்திருந்தது, மீதிப் பாதி சிங்களத்தில். தமிழை முழுவதும் வாசித்தேன். பிறகு பேனையை மூடிவைத்துவிட்டு, கடைசி வரிசைக்கும் கேட்கும்படியாகப் பதிவாளரிடம் சொன்னேன்:

"எனக்கு உது வாசிக்கத் தெரியாது. நீங்கள் வாசிச்சுச் சொல்லுங்கோ."